ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லை

பைக்கிலிருந்து விழுந்தவருக்குத் தமிழ்நாட்டில் முதல் இரண்டு நாள் கவனிப்புக்குக் குறைவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம். தலைக்காய மறுவாழ்வுப் பிரிவில் எங்கள் வேலை தொடங்குவது அதற்கு ஆறு வாரம், பத்து வாரம் கழித்து. கையில் ஸ்கேன் உறையோடு வருவார்கள். “எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்க. ஆனா முடியல.” கூட வந்த மனைவியோ அம்மாவோ குரலைத் தாழ்த்தி, “ஆளே மாறிட்டார்” என்பார்கள்.

இரண்டுமே உண்மை. சி.டி. தேடுவது கசிவையும் முறிவையும்தான். அடிபட்ட வேகத்தில் மூளை குலுங்குவதைத்தான் மூளை அதிர்ச்சி (concussion) என்கிறோம். அதில் கெடுவது நரம்பிழைகளின் வேலை. இழைகள் ஒரு கணம் இழுபட, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிக்கட்ட மூளை கூடுதல் குளுக்கோஸ் கேட்கும் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. படத்தில் இது விழாது. வீட்டாருக்குச் சட்டென்று புரிவது தயிர்ச்சட்டிதான்: சட்டியில் கீறல் இல்லை, உள்ளே உறைந்திருந்த தயிர் கலங்கிவிட்டது. ஹெல்மெட் போட்டும் ஏன் இப்படி என்ற கேள்விக்கும் அதே பதில். (அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம். போடாதவர்களில் பலர் எங்கள் பிரிவுவரை வந்து சேர்வதே இல்லை.)

பெரும்பாலானோருக்கு இந்தத் தொந்தரவுகள் சில வாரங்களில் அடங்கிவிடும். ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் தாண்டியும் இழுக்கும். முன்பே ஒற்றைத் தலைவலியோ மனச்சோர்வோ இருந்தவர்கள், ஏற்கனவே ஒருமுறை தலையில் அடிபட்டவர்கள், முதல் வாரத்திலேயே தொந்தரவு அதிகம் இருந்தவர்கள் இதில் கூடுதல். இப்படி இழுப்பது பெரும்பாலும் ஒரே கோளாறாக இருப்பதில்லை. கழுத்து, உட்காது, கண், தூக்கம், மாத்திரை, மனம் என நான்கைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. பிரிக்காமல் “அடிபட்டதுல வந்தது, போகப் போகச் சரியாயிடும்” என்று அனுப்பிவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

“தலை சுத்துது” என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு சங்கதி இருக்கிறது: அறையே சுழல்வது, நடந்தால் ஒரு பக்கம் தள்ளுவது, எழுந்தால் கண் இருட்டுவது, மண்டை மப்பாக இருப்பது. எது என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்காமல் விட்டால் இரண்டு மாதம் மாத்திரையில் போகும். படுக்கையில் புரண்டாலோ, பரணில் எதையாவது எடுக்க அண்ணாந்தாலோ அரை நிமிடம் அறை சுழன்று நிற்கிறது என்றால், உட்காதின் கால்சியத் துகள்கள் உதிர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் கழுத்தில் காயமில்லை என்று உறுதி செய்துகொள்கிறோம். பிறகு கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாத்தி, தலை விளிம்புக்குக் கீழே சற்றே தொங்கும்படி தாங்குகிறோம். சில நொடி ஒன்றும் இருக்காது. திடீரென்று கண்மணி துடிக்கும், நோயாளி நம் கையை இறுக்கிப் பிடிப்பார். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அங்கிருந்தே, துகளைக் குழாயிலிருந்து வெளியேற்றும் எப்லி முறை: தலையை மறுபக்கமாக 90 பாகை, பிறகு உடலையும் புரட்டி இன்னொரு 90 பாகை, மூக்கு தரையைப் பார்க்கும்படி. பின் எழுப்பி உட்காரவைப்பது. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். பலருக்கு ஒன்றிரண்டு முறையில் நின்றுவிடும். அடிபட்டு வந்ததற்கு இன்னும் சில முறை தேவைப்படலாம், இரண்டு காதிலும் இருக்கலாம். தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் மாத்திரைகள் வாந்தி வரும் முதல் சில நாளுக்கு உதவும். துகளை அவை நகர்த்தாது. மாதக்கணக்கில் போட்டால், மூளை சமநிலையைத் திரும்பப் பழகுவதையே தள்ளிப்போடும்.

தலைவலிக்குக் காலண்டர் வேண்டும். மாத்திரை போட்ட தேதியை வட்டமிடச் சொல்கிறோம். பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள் அல்லது அதற்கு மேல், இப்படி மூன்று மாதம் தாண்டியிருந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். “ஒண்ணுதான் போட்டேன்” என்பவரின் காலண்டரில் வட்டமில்லாத தேதியைத் தேட வேண்டியிருக்கும். வலி பிடரியில் தொடங்கி மேலேறினால் கழுத்தைப் பார்க்காமல் மூளையைப் பார்த்துப் பயனில்லை.

இனி ஓய்வு. இருட்டறையில் ஒரு மாதம் படுத்திரு என்பது பழைய கதை. முதல் ஒன்றிரண்டு நாள் வேலையையும் திரையையும் குறைத்தால் போதும், அதற்குப் பிறகு நடக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது: தொந்தரவுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, ஒரு வேலையால் அது 2 புள்ளிக்கு மேல் ஏறாமல், ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் அந்த வேலையைத் தொடரலாம். நடைப்பயிற்சிக்கு நாடித்துடிப்புதான் கணக்கு. 130இல் தலைவலி கிளம்புகிறது என்றால் அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 104 முதல் 117க்குள், தினம் 20 நிமிடம். வாரந்தோறும் அந்த எல்லையைத் திரும்ப அளந்து மெல்ல ஏற்றுகிறோம்.

உண்மையில் எங்களை அதிகம் பயமுறுத்துவது நல்ல நாள்தான். காலையில் எழுந்ததும் தலை லேசாக இருக்கும். விட்டுப்போன வேலை எல்லாம் நினைவுக்கு வரும். துணி துவைத்து, ரேஷன் கடைக்குப் போய், மாலையில் கல்யாண வரவேற்புக்கும் தலைகாட்டிவிட்டு வருவார்கள். அடுத்த இரண்டு நாள் படுக்கை. பிறகு பயந்து ஒன்றுமே செய்யாமல் நான்கு நாள். இந்தச் சுற்று நின்றாலொழிய எந்தச் சிகிச்சையும் ஏறாது. மோசமான நாளிலும் முடிகிற அளவைக் கண்டுபிடித்து, நல்ல நாளிலும் அதோடு நிறுத்தச் சொல்கிறோம். 25 நிமிட வேலை, 5 நிமிட இடைவெளி. வலி வந்தபின் எழுவது இடைவெளியில் சேராது, கடிகாரம் சொன்னதும் எழ வேண்டும். அந்த 5 நிமிடத்தில் செல்போன் பார்ப்பதும் இடைவெளி ஆகாது.

வேலைக்குத் திரும்பும்போது எங்கே இடிக்கும் என்பது தொழிலுக்குத் தொழில் வேறு. ஹோட்டலில் பரிமாறுபவர், “ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு பொங்கல், வடை தனியா” என்பதைக் கேட்டுக்கொண்டே அடுத்த மேசைக்காரருக்குத் தலையாட்டுவார். சமையலறைக்குப் போவதற்குள் வடை மறந்திருக்கும். ஞாபகம் போய்விட்டது என்று பயப்படுவார். பெரும்பாலும் போனது கவனம். உள்ளேயே போகாத செய்தி எப்படி வெளியே வரும்? ஒரு நேரத்தில் ஒரு மேசை, கையில் சீட்டு, வாங்கிய ஆர்டரைத் திருப்பிச் சொல்வது. இந்த மூன்றிலேயே பாதி தவறு குறைந்துவிடும். ஜவுளிக்கடை ஊழியருக்கு எதிரி கண்ணாடிச் சுவரும் நகரும் கூட்டமும். அவரைப் பண்டிகைக் காலத்தில் திரும்ப அனுப்புவது கொடுமை. கூட்டமில்லாத வார நாள் காலையில் தொடங்கி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கணினி முன் இருப்பவருக்கு எழுத்து இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். பேனா முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால் சாதாரணமாக 5, 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரியும். 15 சென்டிமீட்டரிலேயே இரண்டானால் கண்ணுக்குப் பயிற்சி தேவை, கண்ணாடிக் கடையில் பவர் மாற்றித் தீராது. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், அதன் அடியிலிருந்து நாற்காலியை மாற்றினாலே சிலருக்கு மாலைத் தலைவலி குறையும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சம் இன்னும் கூசும்.

சான்றிதழில் ‘லேசான தலைக்காயம், லேசான வேலை தரவும்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘லேசான’ என்ற சொல்லைத்தான் மேலாளர் படிப்பார். நாங்கள் எழுதச் சொல்வது இப்படி: முதல் இரண்டு வாரம் தினம் 4 மணி நேரம், தொடர்ந்து 25 நிமிடத்துக்கு மேல் திரை வேண்டாம், இரவு ஷிப்ட் வேண்டாம், ஏணியிலும் சாரத்திலும் ஏறக் கூடாது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. பணியிட விபத்து என்றால் தற்காலிக ஊனப் பயனாக 90 சதவீதம். வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடந்த விபத்தும் உரிய நிபந்தனைகளோடு அதில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சித்தாளுக்கும் பெயின்டருக்கும் இதெல்லாம் பேச்சளவில்தான். அரை நாள் வேலை என்ற ஒன்றே அவர்களுக்குக் கிடையாது. அவர்களிடம் மேஸ்திரியைப் பார்த்து, மேலே ஏறாமல் கீழேயே இருக்கும் வேலையாகக் கேட்கச் சொல்வதைத் தாண்டி எங்களால் அதிகம் முடிந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. தலைவலி நாளுக்கு நாள் ஏறினால், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், விடாத தூக்கக் கலக்கம் வந்தால் பயிற்சி எல்லாம் கிடக்கட்டும், உடனே மருத்துவமனை. முதியவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வாரங்கள் கழித்தும் கசிவு சேரலாம். பழைய ‘நார்மல்’ ஸ்கேன் அன்றைய தேதிக்குத்தான் நார்மல்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் பைக். சாவியை வீட்டார் ஒளித்துவைப்பதும், இவர் தேடி எடுப்பதும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. நாங்கள் முதலில் பார்ப்பது சின்ன விஷயம்: நிற்கவைத்து, தோளுக்கு மேல் வலமும் இடமுமாகப் பத்து முறை திரும்பிப் பார்க்கச் சொல்கிறோம். ஆறாவது முறை கை சுவரைத் தேடினால், மருத்துவர் ஒப்புக்கொள்ளும்வரை சாவி ஒளித்த இடத்திலேயே இருக்கட்டும்.