மாட்டுக்குத் தண்ணி எங்க?

ஆற்றங்கரையில் மாடு மேய்கிறது என்று அலுவலகத்தில் பேச்சு எடுத்தாலே வேலிக் கணக்குத்தான் ஓடும். எவ்வளவு நீளம், என்ன கம்பி, யார் செலவு. மலேசியாவில் கெடா மாநிலத்துக்கும் பினாங்கின் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆற்றில் கரை ஆய்வுக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

பினாங்கின் குழாய்த் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு இந்த ஆற்றுத் தண்ணீர்தான். அதனால் எல்லாரும் சாணத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் மீனுக்கும் பூச்சிக்கும் சாணத்தைவிடக் குளம்புதான் பெரிய எதிரி என்பேன். மாடுகள் தினமும் ஒரே தடத்தில் இறங்கும். ஈரக்கரை மிதிபட்டுச் சரியும். அடுத்த பெருமழையில் அந்தத் தடமே வாய்க்காலாகிவிடும். சரிந்த மண் ஆற்றடியில் படிந்து மீன் முட்டைகளையும் பூச்சிப் புழுக்களையும் மூடிவிடும். கரையோர மரக்கன்றுகளையும் மேய்ந்துவிட்டால் நிழல் போச்சு. தண்ணீர் சூடேறும், சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்.

அங்கே மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், கேட்டார்: "வேலி போடுங்க தம்பி, வேணாங்கல. என் மாட்டுக்குத் தண்ணி எங்க, அதச் சொல்லுங்க."

எங்களிடம் பதில் இல்லை. வெயில் நாளில் பெரிய மாடு ஒன்று 40, 50 லிட்டர் குடிக்கும். மந்தைக்கே வாளியில் சுமப்பாரா? கம்பியை வெட்டத்தான் செய்வார். நானாக இருந்தாலும் வெட்டுவேன்.

மேட்டிலேயே தொட்டியும் நிழலும் இருந்தால் பெரும்பாலான மாடுகள் செங்குத்துக் கரையில் இறங்க மெனக்கெடாது. பல நாட்டு மேய்ச்சல் நிலங்களில் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. அப்புறம் போடும் வேலிக்கு வேலையே பாதிதான். மாடு ஆற்றைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் சரளைக்கல் கொட்டி ஒரே ஒரு இறங்குதுறையை ஒதுக்கிக் கொடுத்துவிடலாம்.

சரி, தொட்டி வைத்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வருமே? கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டித் தேய்க்க ஆள் வேண்டும். யார் செய்வது என்று கூட்டத்தில் இழுபறி. பெரியவரிடமே கேட்டேன்.

"நான் தேய்க்கிறேன். அடியில அடைப்பான் வச்ச தொட்டியா வாங்கச் சொல்லுங்க, கவுக்க என்னால முடியாது."

செலவுப் பட்டியலில் அடைப்பானையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஒப்புதல் இன்னும் வரவில்லை.