தாச்சியும் தாமரையிலையும்

கிளிநொச்சியில் ஒரு பாத்திரக்கடையில் நான் தூக்கிப் பார்த்த நொன்ஸ்டிக் சட்டியின் அடியில், பி.எப்.ஓ.ஏ. இல்லை என்று பச்சை வட்டத்துக்குள் அச்சிட்டிருந்தார்கள். “இது நஞ்சில்லாத சட்டி அக்கா” என்றார் கடைக்காரத் தம்பி. அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. பி.எப்.ஓ.ஏ. என்பது டெப்லோன் என்ற ஒட்டாத பூச்சின் தயாரிப்பில் துணைப்பொருளாக இருந்த, உடலுக்குக் கேடான புளோரின் சேர்மம். சிதையாமல் தங்கும் நச்சுப்பொருள்களுக்கு எதிரான உலக உடன்படிக்கையான, இலங்கையும் உறுப்புநாடாக உள்ள ஸ்டொக்ஹோம் சமவாயம் அதை 2019 இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது; ஆனால் பூச்சாக இருப்பது இன்னமும் புளோரின் சேர்மந்தான். துணைப்பொருளின் இடத்துக்கு வந்த ஜென்எக்ஸ் என்ற வேதிப்பொருளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அது அமெரிக்காவின் கேப் ஃபியர் ஆற்றில் கலந்திருப்பது தெரியவந்து, 2024 இல் அதற்கும் குடிநீர் வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. பேயை விரட்டிப் பிசாசைக் குடிவைத்த கதை இது.

புளோரின் போர்த்திய மேற்பரப்பு மற்றப் பொருள்களை மிகக் குறைவாகவே ஈர்க்கும் என்பதால்தான் இச்சேர்மங்களில் எண்ணெயும் ஒட்டுவதில்லை, நீரும் ஒட்டுவதில்லை. காபனுக்கும் புளோரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக உறுதியானது என்பதால்தான் அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. ஆகவே மாற்றுத் தேடுபவர், இப்பொருளால் நமக்கு ஆகவேண்டிய வேலை என்ன என்று முதலில் கேட்க வேண்டும். மழைச்சட்டைக்கும் இவற்றைப் பூசுவதுண்டு; ஆனால் அது நீரைத் தடுத்தால் போதும், எண்ணெயைத் தடுக்க வேண்டியதில்லை. அதற்கு மெழுகோ சிலிக்கோனோ போதுமானது. உணவு சுற்றும் கடதாசியில் டென்மார்க் 2020 இலேயே இந்தப் புளோரின் சேர்மங்களைத் தடைசெய்துவிட்டது. நம் கோயில் அன்னதானங்களில் சோறு பரிமாறும் தாமரையிலையில் நீர் முத்தாக உருள்வதற்குக் காரணம் அதன் நுண்ணிய மேடுகளும் மெழுகுந்தான். குழம்பின் எண்ணெய் அதில் படரும். ஆனாலும் சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் ஒழுகாது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

சட்டிக்கு வருவோம். செரமிக் பூச்சில் புளோரின் இல்லை, ஆனால் அதன் வழவழப்பு விரைவில் போய்விடும். எனக்கு நம்பிக்கை இரும்புத் தாச்சியில்தான். இடம்பெயர்ந்து திரும்பியபோது கிணற்றடியில் துருவேறிக் கிடந்த தாச்சியை அம்மா தும்பும் மணலும் கொண்டு தேய்த்துக் கழுவி, அடுப்பில் நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தொட்ட சீலையால் மெல்லிய படலமாகப் பூசிப் புகைய விட்டார். ஆறவிட்டு மறுபடியும் பூசினார். நாலாம் பூச்சுக்குப் பிறகு அது கறுத்து மினுங்கியது. முட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. சூட்டில் எண்ணெய் இறுகி உண்டான படலம் அது. உரிந்தால் மறுபடி பூசலாம். நொன்ஸ்டிக் சட்டி உரிந்தால் குப்பைதான்.

கடையின் பின்மூலையில் தூசு படிந்த தாச்சிகள் சில கிடந்தன. “துருப்பிடிக்கும், ஒட்டும் எண்டு ஒருத்தரும் வாங்குறேல்லை அக்கா” என்றார் தம்பி. அது நியாயமான குறைதான். அம்மா செய்ததுபோல் எண்ணெய் பூசிப் பழக்காத தாச்சியை விற்றுவிட்டு அதன் நன்மைகளைப் பேசிப் பயனில்லை. பழக்கிய ஒன்றை முன்னுக்கு வைத்தால் வாங்குவார்கள் என்றேன். “அப்ப நீங்களே பழக்கித் தாங்கோவன்” என்று இரண்டைத் தூக்கிக் கையில் தந்துவிட்டார். இப்போது என் அடுப்பில் மூன்றாம் பூச்சு புகைந்துகொண்டிருக்கிறது.