மாவு மில் அறிக்கையில் தொடங்கிய பவர் டேபிள்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் 11 வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். 2023 பிப்ரவரியில், பெருமாநல்லூர் பக்கம் சொந்தமாகப் பவர் டேபிள் போடுவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பெனி வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இங்கே அதுதான் பெயர்.

பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் மனைவி பெயரில் 15 லட்சத்துக்கு விண்ணப்பித்தோம். பெண், கிராமப் பகுதி என்பதால் நம் கைப்பணம் 5 சதவீதம் போதும், மானியம் 35 சதவீதம். ஆனால் மானியம் கைக்கு வராது. வங்கியிலேயே 3 வருடம் டெபாசிட்டாகக் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும். இது தெரியாமல் மானியத்தை நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திட்ட அறிக்கையை ஆடிட்டர் ஒருவர் அடித்துக் கொடுத்தார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். பலவீனத்தில் 'புதிய நிறுவனம்', அச்சுறுத்தலில் 'கடும் போட்டி'. மூன்றாம் பக்கத்தில் 'அரவை இயந்திரம்' என்று ஒரு வரி. யாருடைய மாவு மில்லுக்கோ எழுதியது!

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன். வெளியே என்னென்ன நடக்கலாம் என்பதில்தான் முழுக் கவனமும் போனது. 2022 மே மாதம் நூல் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஏறி ஊரே இரண்டு நாள் கடையடைத்தது ஞாபகத்தில் இருந்தது. நூல், டாலர், கரண்ட் கட்டணம் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். வங்கி மேலாளர் அதைப் புரட்டிவிட்டு, "நூல் விலை, துணி அனுப்புற கம்பெனிக்காரங்க கவலை, அது கிடக்கட்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கினவங்கள்ல திங்கட்கிழமை எத்தனை பேர் வருவாங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சரியாக அந்த நேரத்தில்தான், 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. ஸ்டேஷனில் கூட்டம். என் கணக்கில் 14 டெய்லர்களில் 10 பேர் பீகார், ஒடிசா பையன்கள். அன்று ராத்திரியே கணக்கைத் திருத்தினோம்: பாதிப் பேர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். ராத்திரி வரை நீளும் திருப்பூரின் வழக்கமான ஒன்றரை ஷிப்ட் அவர்களுக்கு ஆகாது. கூட்டி வர வேன் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று போட்டிருந்த எண் கால்வாசி குறைந்தது, லாபம் அதைவிட அதிகமாகக் குறைந்தது. அந்தக் குறைந்த எண்ணோடுதான் மறுபடி வங்கிக்குப் போனோம். மேலாளர் முதல் முறையாகத் தலையாட்டினார்.

கடன் கிடைத்து, 2024 பொங்கல் கழித்து மெஷின் ஓடத் தொடங்கியது. அடுத்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த தப்பு ஒன்றுதான், ஆனால் பெரிய தப்பு. பழைய பழக்கத்தில் ஒரே கம்பெனியிடம் வேலை எடுத்தேன். அமெரிக்காவுக்குப் போகும் டி-ஷர்ட், வருடம் முழுக்க ஒரே பீஸ். டெய்லர்களின் கை அதற்கே பழகிவிட்டது. என் அறிக்கையில் 'வாடிக்கையாளர் எத்தனை பேர்' என்று ஒரு கட்டமே இல்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் பெரும்பாலான இந்தியப் பொருளுக்கு 50 சதவீதக் கூடுதல் வரி விழுந்தது. கம்பெனியிலிருந்து போன்: "அடுத்த வாரம் பீஸ் வராது, பாத்துக்கங்க." அவ்வளவுதான். அதே வரி, பக்கத்துத் தெருவில் உள்நாட்டு சரக்கு தைக்கிற யூனிட்டை அவ்வளவாகத் தொடவில்லை.

மனைவி ஒரு நோட்டு வைத்திருந்தாள். மெஷின் வாரியாகத் தினமும் எத்தனை பீஸ், ஊசி எத்தனை உடைந்தது, யார் வரவில்லை. அதைப் பார்த்துத்தான், "ஏனுங்க, வேலை இருந்தாலும் இல்லாட்டியும் மாசம் 70 ஆயிரம் போகுது. ஒரு மாசம் தாங்கலாம், ரெண்டு மாசம் ஆகாது" என்று சொன்னாள். நான் வரி குறையுமா என்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே, உள்நாட்டு ஆடை மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டைப் பக்கம் போய் லெக்கின்ஸ், நைட் பேன்ட் வேலை கேட்டேன். எலாஸ்டிக் வைக்கத் தனி மெஷின் வேண்டும். பழையது ஒன்று வாங்கினோம். முதல் வாரம் உற்பத்தி பாதிதான். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அது நேராகச் சம்பளக் குறைவு. "இந்தப் பீஸுக்கு இந்த ரேட்டு கட்டாதுங்கண்ணா" என்றார்கள். நியாயம்தான். இரண்டு வாரம் நாள் சம்பளமாகக் கொடுத்துச் சமாளித்தோம்.

செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று ஆனது. நம் சரக்கு ஏற்கெனவே ஆயிரத்துக்குக் கீழே, 5 சதவீதம்தான். நமக்கு அதில் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கடைக்காரர்கள் அந்தத் தேதி தாண்டட்டும் என்று கொள்முதலைத் தள்ளிப்போட்டு, பிறகு மொத்தமாகக் கேட்டார்கள். அக்டோபர் 20 தீபாவளி. இடையில் நான்கே வாரம். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினோம்.

இப்போது பழைய கம்பெனி வேலை கொஞ்சம் வருகிறது. பாதி மெஷினுக்கு மேல் அதற்குக் கொடுப்பதில்லை. நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடச் செலவுக்கான கடனை, கூட்டக் கேட்டதற்கு வங்கியில் புது அறிக்கை கேட்கிறார்கள். ஆடிட்டர் அதே நான்கு கட்டத்தை அனுப்பியிருக்கிறார், அரவை இயந்திரம் மட்டும் இல்லை. மனைவி நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருக்கிறாள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஏழு பையன்களில் ஐந்து பேர் திரும்பியாயிற்று. மற்ற இருவர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.