கிரீப் வினாவில் புள்ளி எங்கே போகிறது?

கிரீப் (உயர் வெப்பநிலையில், மாறாத சுமையின் கீழ் உலோகம் மெதுவாக நீளுதல்) பற்றிய பரீட்சை வினாவில், வெப்பநிலையையும் முறிவு நேரத்தையும் இணைக்கும் லார்சன்–மில்லர் சமன்பாடு தெரியாமல் புள்ளி இழப்பவர்கள் குறைவு. பிழையான விடையும் சரியானதைப் போலவே தோன்றுவதுதான் சிக்கல்.

ஓர் உருக்கு மாதிரி 600 பாகை செல்சியசில் 1000 மணித்தியாலத்தில் முறிகிறது என்று வைப்போம். அதே தகைப்பில் (ஓரலகுப் பரப்புக்கான விசையில்), 550 பாகையில் எவ்வளவு தாங்கும்? நேரத்தின் பத்தடி மடக்கையோடு மாறிலி 20ஐக் கூட்டி, கெல்வின் வெப்பநிலையால் பெருக்குங்கள்: 873 × 23 = 20,079. 823ஆல் வகுத்தால் 24.397. 20ஐக் கழித்து முரண்மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 24,950 மணித்தியாலம்.

செல்சியசிலேயே போட்டால் 123,000 வரும். கணிப்பானில் இயற்கை மடக்கையை அழுத்தினால் 5,130. மூன்றும் உலைக் குழாய் ஒன்றின் ஆயுள் என்றால் யாரும் நம்பிவிடுவார்கள்! இயற்கை மடக்கையே வேண்டுமென்றால் 20ஐ 46 ஆக்க வேண்டும். இடையில் 20,079ஐ 20,100 என்று மட்டந்தட்டினாலே 1,500 மணித்தியாலம் கூடிவிடும். எனவே கடைசி வரிவரை மட்டந்தட்ட வேண்டாம்.

அடுத்த பகுதி பெரும்பாலும் ரொபின்சன் விதி: ஒவ்வொரு நிலையிலும் செலவான ஆயுள் பின்னங்களின் கூட்டுத்தொகை 1 ஆனால் முறிவு. மேலே கணித்த உருக்கில் செய்த குழாய் 550 பாகையில் 15,000 மணித்தியாலம் ஓடியிருந்தால் 0.60 செலவு. மீதி 0.40ஐ 600 பாகையில் ஓட்டினால் 400 மணித்தியாலம்தான், அதாவது பதினேழு நாள்கூட இல்லை.

நோர்ட்டன் விதியில் (விகார வீதம், அதாவது நீளும் வேகம், தகைப்பின் ஓர் அடுக்குக்கு விகிதசமன்) அந்த அடுக்கைக் காண வரைபுத்தாள் எப்போதும் தேவையில்லை. வெப்பநிலை மாறாமல் தகைப்பு 60இலிருந்து 120 மெகாபஸ்காலுக்கு ஏற, விகார வீதம் 32 மடங்கானால் அடுக்கு 5. இது இடப்பெயர்ச்சிக் கிரீப், பளிங்கிலுள்ள கோட்டுக் குறைபாடுகள் நகர்வதால் வருவது. அடுக்கு 1க்குக் கிட்ட வந்தால் பரவல் கிரீப், அணுக்கள் பரவுவதால் வருவது. அங்கே மணியின் (உலோகத்திலுள்ள ஒவ்வொரு சிறு பளிங்கின்) பருமனைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால் புள்ளி போகும். வீதத்தை, விகாரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்த கிரீப் வளையியின் இரண்டாம் கட்டத்திலிருந்து, அதாவது வீதம் ஏறத்தாழ மாறாத பகுதியிலிருந்து எடுங்கள். முதற்கட்டச் சாய்வை எடுப்பவர்களுக்கு வீதம் கூடிவிடும். அதை, வீதத்தையும் முறிவு நேரத்தையும் இணைக்கும் மொங்மன்–கிராண்ட் தொடர்பில் இட்டால் முறிவு நேரம் குறைந்து வரும்.

முறிவைப் பற்றிய விளக்க வினாவுக்கு ஒரு சிறு படம் ஒரு பக்க எழுத்துக்குச் சமம். தகைப்பு அதிகமென்றால் மூன்று மணிகள் சந்திக்கும் இடத்தில் ஆப்பு வெடிப்பு. தகைப்பு குறைவு, காலம் நீளம் என்றால் இழுவிசைக்குச் செங்குத்தான மணியெல்லைகளில் உருண்டைக் குழிகள். விசைச்சுழலி அலகுகளை (டர்பைன் பிளேடுகளை) ஒற்றைப் பளிங்காக வார்ப்பது ஏன் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: எல்லையே இல்லையென்றால் குழி விழ இடமில்லை.

சோதனைக் காலத்தின் மூன்று மடங்குக்கு மேல் நீட்டிக் கணிப்பது ஆபத்து என்பதையும் எழுதுங்கள். நீண்ட காலத்தில் வீழ்படிவுகள் (உலோகத்தைப் பலப்படுத்தும் நுண்துகள்கள்) பருத்து உலோகமே வேறாகிவிடும்; 9 சதவீதக் குரோமிய உருக்குகளில் இது தெரிந்த தலைவலி.

வளையியை மனப்பாடம் செய்யப் பிடிக்காதவர்கள் புறக்கோட்டையில் ஈய–வெள்ளீய சோல்டர் கம்பி வாங்கி, அரைக் கிலோ தொங்கவிட்டு, தினமும் நீளத்தை அளக்கலாம். அதன் உருகுநிலை 183 பாகை. கொழும்பின் 30 பாகை வெயில் கெல்வினில் அதன் மூன்றில் இரண்டு பங்கு, எனவே உலை இல்லாமலே கிரீப் தெரியும். அறையில் ஏசி போட்டால் வீதம் மாறும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியின் நடுவில் பிசின் இருந்தால் உலோகப் பரப்பு குறைவு. வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்ட தகைப்பு பிழைக்கும்.