ஆனிமோனும் கிளவுன் மீனும்: புராஜெக்டுக்காகப் புதுத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு

கிளவுன் மீனும் ஆனிமோனும் (பாறையில் ஒட்டிக்கொண்டு, கொட்டும் கைகளை விரித்திருக்கும் பூப்போன்ற கடல் பிராணி) சேர்ந்து வாழ்வதை எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டாக எடுக்கலாமா என்று இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் கடைசி செமஸ்டரில்தான் தொட்டி வைப்பேன் என்றால் எடுக்காதீர்கள். மூன்றாவது செமஸ்டர் தொடங்குகிற ஜூலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், ஏனென்றால் ஆனிமோனை எப்போது உள்ளே விடலாம் என்பதைத் தொட்டியின் வயதுதான் முடிவு செய்யும், நம் செமஸ்டர் தேதி அதற்குத் தெரியாது. நான் அவசரப்பட்டு ஓர் உயிரைக் கொன்றுவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

எங்கள் ஆய்வகத்தில் கிடைத்தது 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. கணக்குப்படி 190 லிட்டர், கல்லும் மணலும் போட்டபின் 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிடச் சின்னதில் முயற்சி செய்ய வேண்டாம், தண்ணீர் குறையக் குறைய எல்லா அளவும் வேகமாக ஏறி இறங்கும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று முதலில் கடல் தண்ணீரையே எடுத்தோம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்துவிட்டது. அதன்பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவை போட்டோம், லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். கலவையை முதல் நாள் மாலையே போட்டு, இரவு முழுக்க பம்ப் ஓடவிட்டு, மறுநாள் உப்பளவு பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

கல் விஷயத்தில் கவனம். கடற்கரையில் கிடக்கிறது என்று பவளக் கல்லை எடுத்துவந்து தொட்டியில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டை வைத்திருந்தாலும் சிக்கல்தான். நான் துளைகள் உள்ள செராமிக் கல்லைப் போட்டேன், பாக்டீரியா அதில் நன்றாகவே குடியேறியது.

சைக்கிளிங், அதாவது மீன் விடும் முன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோல் உரித்த இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டிப் போட்டேன், அம்மோனியா ஏறியது, பின்னால் நைட்ரைட் ஏறியது, ஐந்தாவது வாரம் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் நின்றது. நைட்ரஜன் சுழற்சிப் படம் அப்படியே டெஸ்ட் கிட்டில் தெரிந்தது. ஆறாவது வாரம் ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கிளவுன் மீன் விட்டேன் (கடையில் நீமோ என்றால்தான் புரியும்), இரண்டும் நன்றாகச் சாப்பிட்டன. சரி, தொட்டி தயார் என்று நினைத்து ஏழாவது வாரமே ஆனிமோனை வாங்கிவந்தேன்.

தவறு அங்கேதான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் பாக்டீரியா வந்துவிட்டது என்று மட்டுமே அர்த்தம். அந்த வயதில் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி வரும், அது போய்ப் பச்சைப் பாசி வரும், காரத்தன்மை இறங்கும், இரவில் ஒரு பி.எச்., பகலில் ஒரு பி.எச். காட்டும். மீன் இதையெல்லாம் ஓரளவு தாங்கும், அதற்குச் சிறுநீரகம் இருக்கிறது, செவுள் இருக்கிறது, உடம்புக்குள் உப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆனிமோனுக்கு அந்த வசதி கிடையாது. வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு, தண்ணீர் மாறினால் அதன் உடம்பே மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதம் ஓடிய தொட்டி வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். கல்லில் ஊதா நிறக் கோரலைன் பாசி திட்டுத்திட்டாகப் பிடிக்க ஆரம்பித்தால் அது நல்ல அறிகுறி.

இரண்டாவது தவறு, வாங்கிய ஆனிமோனே சரியில்லை. பபுள் டிப் வகை, பால் வெள்ளை நிறம், நுனியில் லேசான ஊதா. கடையிலேயே அழகான பீஸ் அதுதான் என்று எடுத்தேன். அந்த வெள்ளை அழகு கிடையாது, நோய். ஆனிமோனின் திசுவுக்குள் சூசான்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது, பழுப்பு நிறம் அதனுடையது, ஒளியில் அது செய்யும் சர்க்கரைதான் ஆனிமோனுக்கு முக்கிய உணவு. வெளுத்திருக்கிறது என்றால் பாசியை இழந்துவிட்டு அரைப் பட்டினியில் கிடக்கிறது. பளீர் மஞ்சள், ரோஸ் நிறத்தில் இருந்தால் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம். வாங்கும்போது பழுப்போ பச்சையோ கலந்த நிறமா, வாய் இறுக மூடியிருக்கிறதா, பாதம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதம் கிழிந்ததைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உள்ளே விட்ட முதல் நாள் கல்லில் ஒட்டியது. இரண்டாம் நாள் நகர ஆரம்பித்தது. பிடிக்காத இடத்தில் ஆனிமோன் நிற்காது, பாதத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு கண்ணாடி மேலேயே ஏறிப் போகும். ஐந்தாம் நாள் காலை ஆய்வகத்தைத் திறந்தால் பவர்ஹெட்டின் (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) சத்தம் மாறியிருந்தது, கரகரவென்று இழுத்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பம்பின் உறிஞ்சும் வாயில் ஆனிமோனின் ஒரு பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது, மீதிக் கைகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன, அறுந்த துண்டுகள் மணல் மேல் பரவிக் கிடந்தன. பம்பை நிறுத்தி மெதுவாக விடுவித்தேன். அதன்பிறகு நான்கு நாள் உயிரோடு இருந்தது. வாய் திறந்தபடியே கிடந்தது, கடைசி நாள் தொட்டால் சளி மாதிரி கையோடு வந்தது, அழுகல் நாற்றம் மூடியைத் திறக்கும் முன்பே வந்துவிட்டது.

செத்த ஆனிமோனை ஒரு மணி நேரம்கூடத் தொட்டியில் விடக்கூடாது. உடனே எடுங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், கழிவை உறிஞ்சும் கார்பன் போடுங்கள். நான் செய்தும் அன்று மாலை அம்மோனியா காட்டியது. கடல் தண்ணீரில் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட அதிக நஞ்சாக இருக்கும், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்பார்கள், காரணத்தோடு படித்துக்கொள்ளுங்கள். மீன்கள் இரண்டையும் வாளிக்கு மாற்றிக் காப்பாற்றினேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் இவ்வளவு வருத்தம் என்றால், ஆனிமோன் சீக்கிரம் சாகிற பிராணியே இல்லை. ஸ்காட்லாந்தில் ஜான் டேல்யெல் என்ற இயற்கையியலாளர் 1828-இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஓர் ஆனிமோனை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். அவர் 1851-இல் இறந்துவிட்டார், ஆனிமோன் கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. வேறு இனம்தான், குளிர்க் கடல் இனம். ஆனாலும் ஒரு ஜாடியில் ஐம்பத்தொன்பது வருடம்! அவர்கள் விடாமல் செய்தது, புதுக் கடல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தது.

என் கைடு மேடம் திட்டவில்லை. "அடுத்தது வாங்குவதற்கு முன் மூன்று மாதம் தினமும் அளவு எடும்மா, எண் நிலைத்து நிற்கும்வரை உள்ளே எதுவும் போகக் கூடாது" என்றார்கள். அந்த மூன்று மாத நோட்டுதான் கடைசியில் என் ஆய்வறிக்கையின் கனமான அத்தியாயமாக ஆனது. காத்திருக்கிற மாதங்களை வீண் என்று நினைக்காதீர்கள், தரவு அங்கேதான் இருக்கிறது. நான் நிலைநிறுத்திய அளவுகள்: உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.026, வெப்பம் 26 டிகிரி, காரத்தன்மை 8-லிருந்து 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு); நைட்ரேட் 5-லிருந்து 10 பி.பி.எம். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கப் பார்க்காதீர்கள், உள்ளிருக்கும் பாசிக்கும் கொஞ்சம் வேண்டும்.

வெப்பத்தைத்தான் நம் ஊரில் பிடித்து வைப்பது பெரும்பாடு. ஏப்ரலில் அறைத் தண்ணீரே 31 டிகிரிக்குப் போகும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க எங்களிடம் காசு இல்லை, தொட்டியின் மேல் இரண்டு சிறிய ஃபேன் வைத்தோம். ஃபேன் வைத்தால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையும், தண்ணீரும் ஆவியாகும், எங்களுக்கு நாளுக்கு 4 லிட்டர் போனது. போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போய்வந்து பார்த்தால் 35 இருந்தது 38-க்குப் பக்கத்தில். எனவே டாப்-அப், அதாவது ஆவியானதை ஈடுகட்டி ஊற்றுவது, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில், தினமும், கண்ணாடியில் கோடு போட்டு அந்தக் கோடுவரை. ஒரு நாளும் தவறாமல் செய்ய ஆள் இல்லையென்றால் மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவி வாங்கிவிடுங்கள், மற்ற எந்தச் செலவையும்விட அது முக்கியம்.

இரண்டாவது ஆனிமோனை மார்ச் முதல் வாரம் விட்டேன், தொட்டிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. இந்த முறை கடையில் வாங்கவில்லை. பபுள் டிப் தானாகவே இரண்டாகப் பிரிந்து பெருகும், வீட்டில் வளர்க்கும் ஒருவரிடம் அப்படிப் பிரிந்தது ஒன்று கிடைத்தது, பழுப்பு நிறம், உள்ளங்கை அளவு. தொட்டித் தண்ணீரிலேயே பிறந்தது என்பதால் தாங்கும் சக்தி அதிகம். பவர்ஹெட்டுகளுக்கு எல்லாம் முன்பே ஸ்பாஞ்சு உறை போட்டுவிட்டேன். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் பழக்கி, பாதம் நுழையும்படி ஓர் ஆழமான இடுக்கில் வைத்தேன், வெளிச்சம் முதல் வாரம் பாதிதான். ஒரே ஒருமுறை நான்கு விரல் தூரம் நகர்ந்தது, பிறகு நகரவே இல்லை.

தினமும் இரவில் சுருங்கிச் சின்ன உருண்டையாகிவிடும், கழிவை வெளியேற்றுகிறது, பயப்பட வேண்டாம். நாள் முழுக்கச் சுருங்கிக் கிடந்து வாயும் திறந்திருந்தால்தான் கவலை. சாப்பாடு வாரம் ஒருமுறை, சுண்டுவிரல் நகம் அளவு இறால் துண்டு போதும், பெரிதாகக் கொடுத்தால் மறுநாள் துப்பிவிடும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம்.

மீன் உடனே உள்ளே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒசெல்லாரிஸ் கடலில் பபுள் டிப்பில் வாழ்வதில்லை, அதன் இயற்கை வீடு வேறு மூன்று இனங்கள். தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், கட்டாயம் இல்லை. என் ஜோடி பதினெட்டு நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தொன்பதாம் நாள் பெரியது, அதாவது பெண் (கிளவுன் மீன் எல்லாம் ஆணாகத் தொடங்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும்), வாலை மட்டும் ஒரு கையில் பட வைத்துவிட்டு வெடுக்கென்று விலகியது. திரும்ப வந்து வயிற்றைத் தேய்த்தது. அந்தக் கை முதலில் ஒட்டிக்கொண்டது, அடுத்த முறை ஒட்டவில்லை. மாலைக்குள் முகம்வரை உள்ளே புதைத்துக்கொண்டு படுத்துவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, மதியச் சாப்பாடும் போகவில்லை. வீடியோவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பதாகத் திட்டம் போட்டிருந்தால் இது தவறியிருக்கும், எனவே மீன் அருகில் போகத் தொடங்கியதும் தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள்.

வைவாவுக்கு ஒன்று. நீட் எழுதியபோது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இந்த உறவைக் கமென்சலிசம் என்று படித்திருப்போம், மீனுக்கு லாபம், ஆனிமோனுக்கு ஒன்றும் இல்லை என்று. நீட்டில் அப்படியே குறியுங்கள். முதுகலை வைவாவில் அது மட்டும் போதாது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஆனிமோனின் பாசி உரமாக எடுத்துக்கொள்கிறது, ஆனிமோனைத் தின்ன வரும் மீன்களைக் கிளவுன் விரட்டுகிறது, இரவில் உள்ளே புரண்டு புரண்டு தண்ணீரை ஓட்டிக் காற்றோட்டம் தருகிறது. எனவே இருவருக்கும் லாபம் என்று வாதாடலாம். என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான், என் வீடியோவைக் காட்டித்தான் பதில் சொன்னேன்.

மன்னார் வளைகுடாவில் செபே கிளவுனும் அது வாழும் கம்பள ஆனிமோனும் இருக்கின்றனவே, எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. 1986 முதல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. தவிர கம்பள ஆனிமோன் புதியவர்களுக்கானது இல்லை, பிடி பலமானது, வழி தவறி வந்த மீனை விழுங்கிவிடும். மீனைப் பொறுத்தவரை பண்ணையில் பொரித்த குஞ்சையே வாங்குங்கள், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இதற்கான குஞ்சு பொரிப்பு முறையைச் செய்து காட்டியிருக்கிறது.

தண்ணீர் ஊற்றும் முன்பே இன்னொன்றையும் முடிவு செய்துவிடுங்கள்: மே மாதம் நீங்கள் போனபிறகு இவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒசெல்லாரிஸ் நல்ல தொட்டியில் இருபது வருடம்கூட வாழும். நான் முதலாண்டு மாணவி ஒருவரைப் பிப்ரவரியிலிருந்தே கூட வைத்து டாப்-அப் செய்யவும் அளவு எடுக்கவும் பழக்கினேன், நோட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். ஆனிமோன் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, ஆளுக்கு ஒன்றில் மீன்கள் படுத்திருக்கின்றன.