பத்து நிமிடம் துணியை எடுக்காமல்

போன மாதம் ஒரு மாலையில், ஒரு வயது எட்டு மாதமான என் மகள் கூடத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியபோது கால் தடுக்கி, டீப்பாயின் முனையில் நெற்றியை மோதிக்கொண்டாள். அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள், வலது புருவத்துக்குச் சற்று மேலிருந்து வழிந்த ரத்தம் இமையில் இறங்கி, கன்னத்தைத் தாண்டிச் சட்டையின் கழுத்தை நனைத்திருந்தது. கண்ணிலேயே பட்டுவிட்டதோ என்று என் உடல் முழுவதும் நடுங்கியது. நெற்றியிலும் மண்டைத் தோலிலும் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுவதால், அங்கே ஏற்படும் சிறிய வெட்டுக்கூட அளவுக்கு மீறி ரத்தம் சிந்தும் என்பதை அன்றிரவு மருத்துவர் சொன்ன பிறகுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

என் மாமியார் அதற்குள் காப்பித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். "கொஞ்சம் அப்புனா நின்னுரும் கண்ணு" என்றார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அவர் அறிந்த வைத்தியத்தோடு ஓடி வந்ததில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் காப்பித்தூளோ மஞ்சள்தூளோ காயத்துக்குள் போனால் அந்தத் துகள்களே கிருமித் தொற்றுக்கு வழி செய்யும். அவற்றைக் கழுவி எடுக்கும்போது குழந்தை இரண்டாம் முறை வலியால் துடிக்க வேண்டியிருக்கும். "அத்தை, தூள் வேண்டாம், பழைய வேட்டித் துணி ஒன்று எடுத்துக் கொடுங்கள்" என்றேன். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இடுப்புத்துணிக்காகக் கிழித்து, துவைத்து அடுக்கி வைத்த துண்டுகள் அலமாரியில் இன்னும் இருந்தன.

துணியை நான்காக மடித்து, குழந்தையை மடியில் உட்கார வைத்து, காயத்தின் மேல் உள்ளங்கையால் அழுத்தத் தொடங்கினேன். ரத்தத்தை நிறுத்துவதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்வதுதான் மிகவும் கடினமாக இருந்தது. குழந்தை வீறிட்டு அழும்போது, நின்றுவிட்டதா என்று துணியை விலக்கிப் பார்க்கத்தான் மனம் துடிக்கிறது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் விலக்கிப் பார்த்தேன். உறையத் தொடங்கியிருந்த ரத்தத்தின் மெல்லிய படலம் துணியோடு ஒட்டிக்கொண்டு வர, காயம் மறுபடியும் சிந்தியது. அப்போது அத்தைதான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "நான் மணி பாத்துக்கறேன், நீ கைய எடுக்காத" என்று சொல்லி, தன் வளையல்களைக் கழற்றிக் குழந்தையின் விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். ஐந்தாவது வளையலில் அழுகை விசும்பலாகக் குறைந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் முழுதாக ஆன பிறகே அவர் தலையசைத்தார். ரத்தம் நின்றிருந்தது. துணி நனைந்து ஊறினாலும் அதை எடுக்காமல், அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

காயத்தின் இரு விளிம்புகளும் சேராமல் பிளந்து நின்றதால் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். தையல் போடாமல், தோலை ஒட்டுவதற்கென்றே உள்ள மருத்துவப் பசையால் மூடினார்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி (டெட்டனஸ்) மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணை அவளுக்கு ஏற்கெனவே போடப்பட்டிருந்ததால், ரணஜன்னிக்கெனத் தனி ஊசி தேவைப்படவில்லை.

தலையில் அடிபட்ட குழந்தையைத் தூங்கவே விடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். நினைவு தப்பாமல், வழக்கம்போல் விளையாடுகிற குழந்தை தன் நேரத்துக்குத் தூங்கலாம் என்றும், மறுபடி மறுபடி வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். அன்றிரவு நானும் கணவரும் முறைவைத்து விழித்திருந்து, அவ்வப்போது அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தோம். தொட்டபோதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள். அந்தச் சுளிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எண்ணெயோ களிம்போ பட்டால் பசை இளகிவிடும் என்பதால் இரண்டு வாரம் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தி வைத்தோம். அத்தைக்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பசை காய்ந்த செதிலாகத் தானே உதிர்ந்தது. இப்போது புருவத்தின் மேலே இளஞ்சிவப்பாக ஒரு கோடு இருக்கிறது. வெயிலில் அது கறுத்துவிடாதிருக்க, வெளியே போகும்போது தொப்பி போட்டுவிடுகிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கோட்டில் விரலை வைத்துக் காட்டி, பிறகு டீப்பாய் இருந்த இடத்தையும் காட்டுகிறாள்.