வினாக்கொத்தை அச்சடிக்கும் முன்

போன வாரம் பெறுபேறு வந்தது. ஆய்வேட்டுக்கு ஏ மைனஸ். ஜனவரியில் நான் இருந்த நிலையில் சித்தியடைந்தாலே போதும் என்றுதான் இருந்தேன். அடுத்த பட்ச் இப்போது தலைப்புத் தேடுகிறது, அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் தலைப்பு, கொழும்பு புறக்கோட்டைத் துணிக்கடை ஊழியர்களின் வேலைத் திருப்தி. ஆங்கில வினாக்கொத்தை ஒரே இரவில் தமிழாக்கி, கடை கடையாக ஏறி 120 படிவம் நிரப்பி எடுத்தேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் போட்டால் குரோன்பாக் அல்பா 0.41. கூற்றுகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் அளவு அது, ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. எதிர்மறைக் கூற்றுகளைத் தலைகீழாகக் குறியிட்டு, ஒன்று முதல் ஐந்து வரையான விடைகளில் ஐந்தை ஒன்றாக, நான்கை இரண்டாக மாற்றிப் பார்த்தேன். அப்போதும் 0.5ஐத் தாண்டவில்லை. மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மாதம் பதில் இல்லை. அந்த மாதத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கடைசியில் இன்னொரு விரிவுரையாளரிடம் போனேன். அந்த வருடம் எங்கள் பீடத்தின் சிறந்த கற்பித்தல் விருது பெற்றவர். படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கடைக்குத் திரும்பிப் போய் யாரையாவது வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார்.

கெய்சர் வீதியில் ஓர் அக்கா வாசித்தார்: "இந்த வேலையை விட்டு விலக நான் நினைப்பதில்லை." உடனே, "இல்லைத் தம்பி, நான் விடமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே "முற்றிலும் உடன்படவில்லை" என்பதில் புள்ளடி போட்டார். பக்கத்தில் நின்ற அண்ணாவுக்கும் வேலையை விடும் எண்ணம் இல்லை. அவர் போட்டது "முற்றிலும் உடன்படுகிறேன்".

"இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டால் நாம் "இல்லை" என்றுதானே ஆமோதிப்போம். அந்த "இல்லை" அப்படியே படிவத்தில் ஏறிவிட்டது. ஒரே மனநிலைக்கு ஒருவர் 1, மற்றவர் 5. எந்தக் குறியீட்டு மாற்றமும் இதைப் பிரிக்காது. இப்படி ஆறு கூற்றுகள். நீக்கவும் வழியில்லை, என் முக்கிய மாறியே அவைதான். கூற்றுகளை மாற்றி எழுதி, 120 பேரிடமும் புதிதாகத் தொடங்கினேன்.

வாய்விட்டு வாசிக்கவைக்கும் இதே சோதனையை அந்த விரிவுரையாளர் இரண்டாம் வருட ஆய்வு முறையியல் விரிவுரையில் செய்து காட்டியிருந்தார். விருதுக்கான மாணவர் கருத்துப் படிவத்தில் அந்த விரிவுரையைப் புகழ்ந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால் செய்யவில்லை.

சரி, செய்ய வேண்டியவை:

- தமிழில் "இல்லை" என்று முடியும் கூற்றே வேண்டாம். பாடநூல் எதிர்மறைக் கூற்று சேர்க்கச் சொல்லும். கேட்காதீர்கள்.
- அச்சிடும் முன் பத்துப் பேர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். நண்பர்கள் அல்ல, அதே கடைகளில் வேலை செய்பவர்கள். சிங்களப் படிவத்துக்கும் இதே சோதனை.
- ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் உங்கள் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும்.
- தீபாவளி, நத்தார், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் புறக்கோட்டைப் பக்கம் போகாதீர்கள். கடை திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் பேசக் கிடைக்கும்.
- மேற்பார்வையாளரைப் பதவி பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். விரிவுரை முடிந்த பிறகும் நின்று கேள்விக்குப் பதில் சொல்பவரைப் பிடியுங்கள்.

அப்புறம், தவறை மறைக்காதீர்கள். இரண்டு அல்பாக்களையும் மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதினேன், 0.41, பிறகு 0.79. வாய்மொழிப் பரீட்சையில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். பழைய 120 படிவங்களையும் எறியாமல் பையில் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று பேரும் ஆளுக்கொரு கட்டாக எடுத்துப் புரட்டத் தொடங்கினார்கள்.